மரம் வெளுக்க ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்குவது: மலையகச் சிறு பட்டறைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மரம் வெளுக்க இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “பெரொக்சைட் எங்கே கிடைக்கும்?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் ஐந்து வேலை இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போன் போட்டவர்கள் தேவையில்லாத வலுவில், தேவைக்கு மேல் வாங்கி, தின்னர் டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்புறம் என்ன செய்வதென்று முழிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் இந்த வழிகாட்டி கடையில் தொடங்கவில்லை.

எல்ல, நுவரெலியா பக்கத்து விடுதிக்காரர்கள் இப்போது வெளிறிய நிறத்தில் மேசை கட்டில் கேட்கிறார்கள். பழைய தோட்ட பங்களாத் தளபாடங்களும் திருத்த வருகின்றன. இந்த இரண்டு வேலையையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. கறையா, மரத்தின் நிறமா என்று முதலில் பாருங்கள்

வெளுக்கும் மருந்து மூன்று வகை. ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது.

ஆணி, இரும்புப் பட்டை, ஸ்டீல் வுல் பட்ட இடத்தில் வரும் நீலக் கறுப்புக் கறைக்கு ஒக்சாலிக் அசிட் போதும். மரத்திலுள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்குகிற கறை அது. யூக்கலிப்டஸ் பலகையில் இதை நிறையப் பார்க்கலாம். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு ஆணித்தலையே ஒரு முழம் கறுப்பாக்கிவிடும். இதற்கு பெரொக்சைட் தேடி அலைவது வீண்.

யாரோ பூசிய சாயம் மரத்துக்குள் இறங்கியிருந்தால் குளோரின் வெளுப்பு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், எடுபடும். பூஞ்சணத்துக்கும் அதுவே.

மரத்தின் சொந்த நிறத்தையே எடுக்க வேண்டும், சிவப்பு மஹோகனி வெளிற வேண்டும், மஞ்சள் பலா மங்க வேண்டும் என்றால்தான் பெரொக்சைட். அதுவும் தனியாக இல்லை, கோஸ்டிக் சோடாவோடு (சோடியம் ஹைட்ரொக்சைட் என்ற கடும் காரம்) சேர்த்து. காரம் பட்டால்தான் பெரொக்சைட் நிறத்தை உடைக்கிற வடிவத்துக்கு மாறுகிறது. தனியாகப் பூசினால் பாதி வேலைகூட நடக்காது.

பைன் பலகையில் வரும் நீலப்பூஞ்சணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது மரத்துக்குள் ஆழமாக ஓடியிருக்கும். எந்த மருந்தும் மேல் தோலோடு நின்றுவிடும். வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கும் முன் ஒரு துண்டை அறுத்துக் குறுக்குவெட்டைப் பாருங்கள்.

இன்னொன்று: இந்த மூன்றையும் ஒரே நாளில் ஒரே பலகையில் முயன்று பார்க்காதீர்கள். குளோரின் வெளுப்போடு அசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நெஞ்சை அடைக்கும், ஆளையும் சாய்க்கும். ஒன்று முடிந்து, கழுவி, காய்ந்த பிறகே அடுத்தது.

2. என்ன வலு வேண்டும் என்று முடிவெடுங்கள்

பெரொக்சைட் எப்போதும் தண்ணீரில் கரைந்த நிலையில்தான் விற்பனைக்கு வரும். எத்தனை சதவீதம் என்பதுதான் எல்லாமே.

பாமசியில் காயம் கழுவ விற்பது 3 சதவீதம். சிறு புள்ளியை மங்கச் செய்யலாம், மேசை வெளுக்காது. சலூன்காரர்கள் முடிச்சாயத்தோடு கலக்க வாங்கும் டெவலப்பரில் ‘வொலியூம்’ என்று போட்டிருக்கும்: 10 வொலியூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. ஒரு லீட்டர் திரவம் உடையும்போது எத்தனை லீட்டர் ஒட்சிசன் வெளிவரும் என்பதே அந்த எண்.

12 சதவீதத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கிரவிலியா, பைன் போன்ற வெளிர் மரத்துக்குப் பல சமயம் அதுவே போதும், இரண்டு மூன்று முறை பூச வேண்டியிருக்கும் அவ்வளவுதான். ஆனால் கிரீமாக வரும் டெவலப்பரை வாங்காதீர்கள். அதில் முடிக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பசை மரத்தில் தங்கி, பின்னால் சீலர் ஒட்டாமல் மீன்கண் மாதிரிக் குழி விழும். தண்ணீராக இருப்பதையே கேளுங்கள்.

மஹோகனி, பலா, கறுத்த தேக்கு என்றால் 30 முதல் 35 சதவீதம் தேவைப்படும். வெளிநாட்டில் இரண்டு போத்தலாக விற்கும் மர வெளுப்பில் இரண்டாவது போத்தல் கிட்டத்தட்ட இந்த வலுதான். தேக்கில் எண்ணெய் இருப்பதால் திட்டுத்திட்டாகவே வெளுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

50 சதவீதமும் சந்தையில் உண்டு. மலிவு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மரத்துக்கு அதனால் கூடுதல் பலன் கிடையாது. தோலுக்கும் கண்ணுக்கும் ஆபத்துத்தான் கூடும். வலுக் குறைந்ததை வாங்கிக் காய்ச்சி வலுவாக்கலாம் என்ற யோசனையையும் அடியோடு விடுங்கள். அது வெடிக்கக்கூடிய வேலை.

பெரொக்சைட்டே வேண்டாம், கொஞ்சம் வெளிறினால் போதும் என்பவர்களுக்கு இன்னொரு வழி: சோடியம் பெர்கார்பனேட். துணிக்கறை நீக்கும் ‘ஒட்சிசன்’ பவுடர்கள் பலவற்றில் இருப்பது இதுதான். சூடான தண்ணீரில் கரைத்தால் பெரொக்சைட்டும் சலவைச் சோடாவும் தானாகவே கிடைக்கும். மழையில் சாம்பல் நிறமாகிப்போன வெளித்தளப் பலகைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

3. எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

ஒரு லீட்டர் பெரொக்சைட் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 50 சதுர அடி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறடிக்கு மூன்றடி மேசைப் பலகை 18 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு முக்கால் லீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விளிம்பு, கால் எல்லாம் சேர்த்து ஒரு லீட்டர். மாதம் நாலு மேசை என்றால் நாலு லீட்டர் போதும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரசாயனக் கடையில் விலை பெரும்பாலும் கிலோவுக்கு. 35 சதவீதப் பெரொக்சைட் தண்ணீரைவிடக் கனமானது, ஒரு லீட்டர் 1.13 கிலோ. ஐந்து கிலோ வாங்கினால் கையில் வருவது நாலரை லீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு கடை லீட்டருக்கும் இன்னொரு கடை கிலோவுக்கும் விலை சொன்னால், இதைக் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகே எது மலிவு என்று சொல்லுங்கள்.

இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். பெரிய கேன் மலிவாகத் தெரியும். ஆனால் திறந்து மூடித் திறந்து மூடி, தூசி விழுந்து, கடைசிப் பாதி தண்ணீராகிப் போனால் மலிவு எங்கே?

4. கடதாசிகளை முன்பே தயார் செய்யுங்கள்

வலுவான பெரொக்சைட்டைத் தவறான கைகள் வெடிபொருளுக்கும் பயன்படுத்தக்கூடும். அதனால் உலகம் முழுக்க அதன் விற்பனையில் கண் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பெப்ரவரியிலிருந்து பொதுமக்களுக்கு 12 சதவீதத்துக்கு மேல் விற்பதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. இங்கேயும் ஒழுங்கான விற்பனையாளர் யார், என்ன தொழில், எதற்கு என்று கேட்பார். கேட்பதைக் குறையாக எடுக்காதீர்கள். ஒன்றுமே கேட்காமல் தூக்கிக் கொடுப்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஒரு கோப்பில் போட்டுக்கொள்ள வேண்டியவை: வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதி, தேசிய அடையாள அட்டைப் பிரதி, பட்டறை முகவரியோடு ஒரு கடிதம். கடிதத்தில் மூன்று வரி போதும். என்ன பொருள், என்ன வலு, எத்தனை கிலோ, தளபாட மரம் வெளுக்க என்று எழுதி, கையொப்பமிட்டு முத்திரை குத்துங்கள்.

பதிவு இல்லாதவர்கள் முதலில் தங்கள் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும், பட்டறை இருக்கும் இடத்தை நீங்கள் பயன்படுத்தலாம் என்பதற்கான ஆதாரமும் கேட்பார்கள். மலையகத்தில் சிக்கல் வருவது இந்த இரண்டாவதில்தான். லயத்துக்குப் பக்கத்தில் தகரம் போட்டு நடத்தும் பட்டறையின் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். உங்கள் பெயரில் காணி உறுதி இருக்காது. தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் ஒரு சம்மதக் கடிதம் வாங்குவதுதான் நடைமுறையான வழி. இதற்கு நாள் எடுக்கும், ஆகவே ஓடர் கையில் வந்தபிறகு ஓடாதீர்கள். பிரதேச சபை அல்லது நகர சபை வியாபார உரிமம் பற்றியும் அதே அலைச்சலில் கேட்டு முடித்துவிடுங்கள்.

அடுத்தவர் பதிவில் வாங்குவது, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சொந்தக்காரர் மூலம் ஒரு போத்தல் எடுப்பிப்பது, இரண்டும் வேண்டாம். தொழிற்சாலைகளில் துணி வெளுக்க 35, 50 சதவீதப் பெரொக்சைட் புழங்குவது உண்மைதான். ஆனால் லேபல் இல்லாத போத்தலில் என்ன வலு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பிடிபட்டால் அவருடைய வேலையும் போகும், உங்கள் பெயரும் போகும்.

5. கேன் வருவதற்கு முன் இடத்தைத் தயார் செய்யுங்கள்

பெரொக்சைட் தானாக எரியாது. ஆனால் ஒட்சிசனைக் கொடுத்து மற்றதை எரிய வைக்கும். தச்சுப் பட்டறையில் எரிவதற்கு என்னதான் இல்லை? மரத்தூள், சீவல், தின்னர், சான்டிங் சீலர், லெக்கர், பொலிஷ் துணி எல்லாம் ஒரே அறைக்குள் இருக்கும். எனவே கேனுக்கு இடம் பட்டறைக்கு வெளியே, தனியாக.

சிமெந்துத் தரை, நிழல், காற்றோட்டம், பூட்டு. இந்த நாலும் இருந்தால் போதும். மரத் தட்டில் வைக்காதீர்கள். கேனை ஒரு அகலமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிறுத்தினால் கசிந்தாலும் அதற்குள்ளேயே நிற்கும். நுவரெலியாக் குளிர் பெரொக்சைட்டுக்கு நல்லது, ஏனென்றால் வெப்பம் பத்துப் பாகை ஏறினால் அது சிதையும் வேகம் இரண்டு மடங்குக்கும் மேலாகும். ஆனால் ஊர் குளிர் என்று நம்பித் தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். பனிக்காலத்துப் பகலில் தகரத்தடியில் கையை நீட்டிப் பார்த்தாலே புரியும்.

கூடவே வாங்கி வைக்க வேண்டியவை: கண்ணைச் சுற்றி மூடும் கண்ணாடி, முழங்கைவரை வரும் இறப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, பிளாஸ்டிக் ஏப்ரன். துணிக் கையுறையும் தோல் கையுறையும் கூடாது. மருந்தை உறிஞ்சித் தோலோடு வைத்துக்கொள்ளும், காய்ந்தால் பற்றவும் செய்யும். கைக்கெட்டும் தூரத்தில் ஓடும் தண்ணீர் இருக்க வேண்டும். குழாய் இல்லாத இடமென்றால் பெரிய வாளி நிறையத் தண்ணீர் வைத்தபிறகே கேனைத் திறவுங்கள்.

35 சதவீதம் கையில் பட்டால் சில நொடியில் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகி எரியும். உடனே கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணில் பட்டால் கதை வேறு: இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள், கூடவே ஒருவர் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். கழுவுவதை நிறுத்திவிட்டு வண்டி தேடி ஓடக்கூடாது.

6. யாரிடம் போவது

12 சதவீதம் வரை போதுமென்றால் உங்கள் டவுனிலேயே முடியும். ஹட்டன், பதுளை, பண்டாரவளை எங்கும் சலூன் பொருட்கள் விற்கும் கடைகள் உண்டு. தண்ணீர் வடிவ 40 வொலியூம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பலர் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

35 சதவீதம் வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள இரசாயனப் பொருள் வியாபாரிகளே வழி. அவசரத்துக்குக் கண்டியில் ஆய்வுகூடப் பொருள் விற்பவர்களிடம் 30 சதவீதம் அரை லீட்டர், ஒரு லீட்டர் போத்தலாகக் கேட்டுப் பார்க்கலாம். அது சோதனைக்கூடத் தரம் என்பதால் விலை கூடுதல். மரத்துக்கு அந்தத் தூய்மை தேவையில்லை, ‘டெக்னிக்கல்’ தரமே தாராளம்.

வெளிநாட்டு இணையக் கடையில் இரண்டு போத்தல் வெளுப்பை ஓடர் செய்யலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. ஒட்சியேற்றியும் (ஒட்சிசன் கொடுத்து எரிய வைக்கும் பொருள்) அரிக்கும் பொருளும் தபாலில் அனுப்பத் தடைசெய்யப்பட்டவை. காசு கட்டி, பொதி எங்கேயோ நிற்க, அதன் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

7. போனில் என்ன கேட்பது

புதியவர் பேசினால் இப்படித்தான் போகும்:

“நானா, பெரொக்சைட் இருக்கா?”

“எத்தன பர்சன்ட் தம்பி?”

“நல்ல ஸ்ட்ரோங்கானது.”

அந்த இடத்திலேயே வியாபாரிக்கு விளங்கிவிடும், இவருக்கு ஒன்றும் தெரியாதென்று. ஒன்று சந்தேகப்பட்டு இல்லை என்பார், அல்லது கையிருப்பில் கிடக்கும் பெரிய கேனைத் தலையில் கட்டுவார். மாறாக இப்படிக் கேளுங்கள்: “நானா, தளபாடப் பட்டறை வச்சிருக்கேன். மரம் வெளுக்க முப்பத்தஞ்சு பர்சன்ட், டெக்னிக்கல், அஞ்சு கிலோ வேணும். பதிவு இருக்கு, பில் வேணும்.” பேச்சே மாறிவிடும்.

தொடர்ந்து கேட்க வேண்டியவை சில. தயாரித்த திகதி என்ன? கம்பனியின் அசல் கேனிலா, இங்கே ஊற்றிப் பிரித்ததா? மூடி காற்றுப் போகும் மூடியா? இந்த வலுவை எனக்கு விற்க உங்களுக்கு என்னென்ன ஆவணம் அல்லது அனுமதி வேண்டும்? கடைசிக் கேள்வியைக் காசு கட்டும் முன்பே கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். விதிமுறைகள் மாறும்போது முதலில் தெரிவது விற்பவருக்குத்தான். பாதுகாப்புத் தரவுத் தாளையும் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கான கடையிடம் அது இருக்கும்.

பிரித்து ஊற்றியது என்றால் யோசியுங்கள். இரும்பு, செம்பு, மங்கனீசு துளி பட்டாலே பெரொக்சைட் சிதையத் தொடங்கும். கடையில் எந்தப் புனலால் ஊற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஐந்து கிலோ அசல் பொதியாகக் கிடைக்காமல் போவதும் உண்டு. அப்போது பக்கத்துப் பட்டறைக்காரரோடு சேர்ந்து அசல் கேன் ஒன்றை எடுப்பதைவிட, பிரித்து ஊற்றும்போது நீங்களே பக்கத்தில் நின்று, புதிய பிளாஸ்டிக் புனலும் புதிய கேனும் கொடுத்து ஊற்றச் சொல்வது நல்லது. பெரிய கேனைப் பட்டறையில் வைத்துப் பங்குபோடுவது புதியவருக்கு ஏற்ற வேலையில்லை.

8. மலைக்கு ஏற்றுவது

பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுவரக் கூடாது. பையில் போட்டு சீற்றுக்கடியில் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: கசிந்தால் பக்கத்திலிருப்பவரின் காலுக்குத் தெரியும்.

நம்மூர் மரக்கறி லொறிகள் இரவோடிரவாகப் பேலியகொடைக்கு இறங்கி வெறுமையாகத் திரும்பும். அதில் ஏற்றிவிடுவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. அந்த லொறியில் சாக்கும் வைக்கோலும் பழைய பெட்டிப் பலகையும்தான் கிடக்கும். 35 சதவீதம் சாக்கில் ஊறினால், தண்ணீர் காயக்காய வலு ஏறி, தானே பற்றிக்கொள்ளலாம். அடுத்த நாள் அதே தட்டில் கோவாவும் கரட்டும் ஏறப்போகிறது என்பது இன்னொரு காரணம். விற்பவரே அனுப்பினால் அதற்கு முதலிடம் கொடுங்கள். இல்லையென்றால் தட்டு கழுவிய திறந்த வண்டியை வாடகைக்கு எடுத்து, கேனைத் தொட்டிக்குள் நிமிர்த்தி, கயிற்றால் கட்டி, மேலே நிழல் போட்டு, இரண்டு போத்தல் தண்ணீரோடு வாருங்கள். ஆபத்தான பொருட்களுக்கு ஐ.நா. கொடுக்கும் அடையாள இலக்கம் ஒன்று உண்டு; 20 முதல் 60 சதவீதம் வரையான பெரொக்சைட்டுக்கு அது 2014. அந்த இலக்கம் உள்ள லேபலைக் கிழிக்காதீர்கள், மறைக்காதீர்கள். வழியில் பொலிஸ் நிறுத்தினால் பில்லோடு அதைத்தான் காட்ட வேண்டும்.

மலைக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. கொழும்பு கடல்மட்டம், நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீட்டர். மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறையும். கேனுக்குள்ளே இருக்கும் காற்று விரியப் பார்க்கும், பெரொக்சைட்டும் கொஞ்சங்கொஞ்சமாக ஒட்சிசனை விட்டுக்கொண்டிருக்கும். இதற்காகத்தான் மூடியில் அந்தச் சிறு துவாரம். கசியுமோ என்று பயந்து லொறிக்காரர் அதன்மேல் டேப் ஒட்டிவிட்டால் கினிகத்தேனை தாண்டும்போதே கேன் வயிறு புடைக்கத் தொடங்கும். கேனைப் படுக்க வைத்தாலோ அந்தத் துவாரம் வழியாகவே ஒழுகும். எனவே டேப் கூடாது, படுக்க வைக்கவும் கூடாது என்று ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள்.

9. கேன் வந்ததும் சோதியுங்கள்

முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். கேன் சூடாக இருந்தாலோ, உள்ளே தொடர்ந்து குமிழி வந்தாலோ ஏதோ கலந்து சிதைகிறது என்று அர்த்தம். திறக்காமல் வெட்டவெளியில் வைத்து, தள்ளி நின்று, விற்பவரை அழையுங்கள்.

சரியாக இருந்தால் வலுவைப் பார்க்கலாம். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, சரியாக 500 மில்லிலீட்டர் ஊற்றுங்கள். 35 சதவீதமென்றால் கிட்டத்தட்ட 565 கிராம் காட்டும். 20 சதவீதமாக இறங்கியிருந்தால் 535 கிராம். வெறும் தண்ணீர் 500. சமையல் தராசில் துல்லியம் கிடைக்காதுதான், ஆனால் தண்ணீர் கலந்திருக்கிறார்களா, பழசாகிப் போனதா என்று கண்டுபிடிக்க இது போதும். சோதித்த திரவத்தைக் கேனுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள். முதல் மாதிரிப் பலகைக்கு அதையே பயன்படுத்துங்கள்.

கேனில் திகதியும், ‘நஞ்சு, பெரொக்சைட் 35%’ என்றும் பெரிதாகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். ஒரு சிறு கொப்பியில் எப்போது எவ்வளவு எடுத்தீர்கள் என்று குறித்து வாருங்கள். யாராவது விசாரித்தால் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தண்ணீர்ப் போத்தலிலும் சாராயப் போத்தலிலும் ஊற்றி வைக்கும் பழக்கத்தை மட்டும் யாருக்காகவும் அனுமதிக்காதீர்கள். பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுவார்கள். இறுக்கி மூடிய கண்ணாடிப் போத்தல் வெடிக்கவும் செய்யும்.

10. வலுவைக் குறைப்பது

கிரவிலியாவுக்கு 12 சதவீதம் போதும், கையில் 35 இருக்கிறது என்றால், ஒரு கிலோ பெரொக்சைட்டுக்கு 1.92 கிலோ தண்ணீர். கணக்கு எளிது: 35ஐ 12ஆல் வகுத்தால் 2.92, அதுதான் மொத்த எடை. லீட்டரில் அளக்காமல் எடையில் அளந்து கலக்குங்கள்.

பீலித் தண்ணீரும் துருப்பிடித்த குழாய்த் தண்ணீரும் ஆகாது. இரும்பு இருந்தால் கலந்த உடனேயே வலு குறையத் தொடங்கும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் எந்த டவுனிலும் கிடைக்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். பாத்திரம் பிளாஸ்டிக், கிளறுவது பிளாஸ்டிக் குச்சி. அலுமினியச் சட்டியும் பித்தளைக் கரண்டியும் வேண்டாம்.

11. துண்டு மரத்தில் தொடங்கி மேசைக்குப் போவது

அதே பலகையில் வெட்டிய துண்டு ஒன்றில் முழு வேலையையும் பொலிஷ் வரை செய்து வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். வெளுத்த மரம் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்து வேறு நிறம், லெக்கர் போட்டால் இன்னொரு நிறம்.

பழைய பொலிஷை முழுதாக எடுத்து, தேய்த்து, தூளைத் துடைத்து எடுங்கள். ஸ்டீல் வுல் தொடவே கூடாது. கோஸ்டிக் சோடா லீட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். நைலோன் பிரஷ்ஷால் ஒரே சீராகப் பூசுங்கள். மரம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள், ஈரம் காய்வதற்கு முன்பே, வேறு பிரஷ்ஷால் பெரொக்சைட்டைப் பூசுங்கள். நுரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். இரண்டையும் ஒரே வாளியில் கலக்கும் சோம்பேறித்தனம் கூடாது. சூடேறிப் பொங்கும், வேலைக்கும் உதவாது.

ஒட்டுப் பலகை, மெல்லிய வினியர் என்றால், ஒட்டியிருக்கும் பசையைக் கோஸ்டிக் சோடா கிளப்பிவிடும். அங்கே வெறும் 12 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

இரவு முழுக்க விட்டு, மறுநாள் சுத்தத் தண்ணீரால் துடைத்து, பிறகு வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சமஅளவு கலந்து துடைத்து, மீண்டும் தண்ணீரால் துடையுங்கள். பெரொக்சைட் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து போய்விடும், கோஸ்டிக் போகாது. அது மரத்தில் தங்கினால் சில மாதத்தில் லெக்கர் மங்கி உரியும். வினாகிரியைப் பெரொக்சைட் உள்ள பாத்திரத்தில் மட்டும் சேர்க்காதீர்கள், இரண்டும் சேர்ந்து மூக்கையும் கண்ணையும் அரிக்கும் அசிட்டாக மாறும்.

காய வைப்பதில்தான் மலையகத்தில் பொறுமை போகும். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை, பதுளை பக்கம் மார்கழி தையில். ‘இரண்டு நாள் போதும்’ என்று புத்தகம் சொல்வதை இங்கே நம்ப முடியாது. மேசையோடு சேர்த்து ஒரு துண்டையும் வெளுத்துப் பக்கத்தில் வையுங்கள். தினமும் அதை நிறுங்கள். எடை குறைவது நின்றால் மேசையும் காய்ந்துவிட்டது. அப்புறம் 220 நம்பர் சான்ட்பேப்பரால் மெல்ல ஒரு கை. அழுத்தித் தேய்த்தால் வெளுத்த தோல் போய்ப் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

12. மிச்சமும் வெற்றுக் கேனும்

குவளையில் மிஞ்சியதைத் தாராளமாகத் தண்ணீர் சேர்த்து, வெட்டவெளியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மூடாமல் விட்டு, பிறகு மண்ணில் ஊற்றலாம். கோஸ்டிக் கழுவிய தண்ணீரை வினாகிரியால் தணித்த பிறகே வெளியேற்றுங்கள். ஓடையில் ஊற்றாதீர்கள். நமக்குக் கீழே இன்னொரு லயம் இருக்கிறது, அவர்களுக்குப் பீலித் தண்ணீர் அங்கேயிருந்துதான் போகிறது.

துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாமல், தண்ணீரில் நன்றாக அலசிக் காயப் போடுங்கள். மருந்து தோய்ந்த மரத்தூளும் அப்படியே, முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்த பிறகே அள்ளுங்கள்.

வெற்றுக் கேனை மூன்று முறை கழுவி, லேபலை எடுத்து, அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். நல்ல கேன் என்று யாராவது தண்ணீர் பிடிக்கவோ மண்ணெண்ணெய் வாங்கவோ கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.